சருகில் விழும் வெளிச்சம்: திற்பரப்பில் ஒரு பாக்கெட் டார்ச்

திற்பரப்பு அருவிக்குப் பகலில் வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த ஊரின் இருட்டு தெரியாது. மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் ரப்பர் விளைதான். தெருவிளக்கு வெளிச்சம் நாலு மரம் தாண்டாது. விடியுமுன் பால் வெட்டப் போகிறவருக்கும், ராத்திரி குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கும் கையில் ஒரு டார்ச் இருந்தே ஆகவேண்டும். போன் லைட் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போதாது. போனில் இருக்கும் சார்ஜ் 108-ஐக் கூப்பிடுவதற்கு மிஞ்ச வேண்டும்.

ஐப்பசி மழையிலும், பிறகு ரப்பர் இலை உதிரும் மாதங்களிலும் நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தது, உள்ளங்கையில் அடங்கும் எல்இடி டார்ச் ஒன்று. உள்ளே 18650 ரக லித்தியம் செல், 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். போன் சார்ஜரின் டைப்-சி வயரே இதற்கும் சேரும். பக்கவாட்டில் பட்டன், அடியில் காந்தம், பையில் மாட்ட கிளிப். இதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன. ஆகவே பெயரைவிட, பெட்டியின் மேல் எதைப் பார்த்து வாங்குவது என்பதைச் சொல்கிறேன்.

எல்லோரும் வெளிச்ச அளவான லூமனைப் பார்க்கிறார்கள். நம் ஊருக்கு முதலில் பார்க்க வேண்டியது சிஆர்ஐ. பகல் வெளிச்சத்தில் தெரியும் நிறம் இந்த விளக்கில் எவ்வளவு சரியாகத் தெரிகிறது என்பதற்கான அளவு அது. 100 முழு மதிப்பெண். நீல எல்இடியைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் பெரும்பாலான டார்ச்சுகளில் வெள்ளை வெளிச்சம் வருகிறது. மலிவான ரகங்களில் சிவப்பு குறைவு. மண், சருகு, பட்டை எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ரப்பர் இலை உதிர்ந்தால் விளை முழுக்கச் சருகு மெத்தை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மூக்கு நுனி மேலே தூக்கிய குழிவிரியன் ஒன்று உண்டு. சருகின் நிறமேதான் அதற்கும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகச் செய்யப்பட்டது. இந்தக் குழிவிரியனின் விஷத்தை அது முறிக்காது. கடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், ஆனால் அதற்கென்று தனி ஊசி அங்கே இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. மிதிக்கும் முன் பார்ப்பதைவிடப் பெரிய மருந்து ஏது?

அதனால் ஒரு சோதனை செய்தேன். நார்க்கயிற்றுத் துண்டு ஒன்றைச் சருகில் போடச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த பழைய நீலவெள்ளை டார்ச்சை அடித்தேன். நாலடி தூரத்தில் நின்றும் கண் தடவித்தான் தேடியது. சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள இந்த டார்ச்சை அடித்ததும் கயிறு தனியாக எழும்பித் தெரிந்தது. லூமனில் பழையதுதான் கூடுதல்.

பக்கத்து விளையில் பால் வெட்டும் அண்ணனிடமும் கொடுத்துப் பார்த்தேன். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டிலேயே வேலை. கத்தி சரிவாக இறங்க, மெல்லிய சீவல் சுருண்டு விழுகிறது. சாலில் பால் முத்து முத்தாக ஊறிச் சிரட்டைக்கு வழிகிறது. கொஞ்சம் ஆழம் போனாலும் மரத்தில் காயம். "லைட்டக் கொறை மக்கா, பட்டை வெளுத்துல்லா தெரியுது" என்றார். மிகக் குறைந்த மட்டத்தில் வைத்ததும் திருப்தி. ஆனால் இரண்டு கையும் வேலையில் இருக்க, டார்ச்சை யார் பிடிப்பது? தன் தலை லைட்டையே மாட்டிக்கொண்டார். அவர் செய்தது சரி. பால் வெட்டுக்கு இது ஆகாது, நடக்கத்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் உச்ச வெளிச்சம் சில நிமிடம்தான் நிற்கும். உடம்பு சூடானதும் டார்ச் தானே குறைத்துக்கொள்ளும். எஃப்எல்1 என்ற தரக்கணக்கில் எரியும் நேரம் என்றால், வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஆகவே மணிக்கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். நடைக்கு 100 லூமன் பக்கமுள்ள மட்டம் தாராளம். சிவராத்திரிக்குச் சிவன் கோயில்களை வரிசையாக ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டக்காரர்கள் விசிறியோடு மூன்றாம் கோயிலான திற்பரப்பு மகாதேவரை நோக்கி இருட்டில் ஓடிவரும்போது உச்சத்தில் வைத்து முகத்தில் அடித்துவிடாதீர்கள். ஒரு கணம் கண் கூசினால் கல்லில் கால் தட்டும்.

குறை ஒன்று உண்டு. பட்டன் பைக்குள் அழுந்தித் தானாக எரிந்து சட்டை சுடும் அளவுக்குச் சூடானது. பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் மின்சாரம் துண்டிக்கப்படும்; பயணத்தில் அப்படித்தான் வைக்கிறேன். மழைக்கு அசரவில்லை.

மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோபைத் தற்காப்பு ஆயுதம் என்று விற்கிறார்கள். தனியாக நடக்கும் பெண்களிடம் அதை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரில் வருபவனின் கண்ணைக் கூசவைத்து ஓட ஒரு கணம் கிடைக்கலாம், அவ்வளவுதான். போனில் 112-ஐயும், காவல் உதவி செயலியையும் தயாராக வைத்திருங்கள். உண்மையான பாதுகாப்பு ரோட்டோரத்தில் கிடைக்கிறது: வளைவில் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தூரத்திலேயே தெரிகிறீர்கள்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு வாரத்துக்கு சார்ஜ் டார்ச் மட்டும் காணாது. பென்சில் செல் போடும் சின்ன டார்ச் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 18650 செல்லைத் தனியாக வாங்கும்போது 9,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். இந்த அளவில் நல்ல செல்லுக்கே 3,500 சுற்றித்தான் வரும். உதிரி செல்லைச் சாவி, சில்லறையோடு ஒரே பையில் போடவும் கூடாது. முனைகள் உரசினால் தீப்பிடிக்கும்.