இடக்கையில் உயிர், வலக்கையில் மெய்

போன வருஷம் ஒரு மொழிபெயர்ப்பை முடிக்கிற அவசரத்தில் தினமும் பத்து மணி நேரம் தட்டினேன். வலக்கைச் சுண்டுவிரலில் ஆரம்பித்த வலி முழங்கை வரை ஏறியது. டாக்டர் ஓய்வு எடுங்க என்றார். நண்பன், "ரெண்டா பிளந்த கீபோர்டு வாங்குடா" என்றான். ரெண்டையும் செய்தேன்.

அதில் சௌகரியம் உண்டு, பொய்யில்லை. சாதாரண கீபோர்டில் கைகள் மார்புக்கு நேரே ஒடுங்குகின்றன. மணிக்கட்டு வெளிப்பக்கமாக மடங்குகிறது. பிளந்த கீபோர்டில் கைகள் தோள் அகலத்துக்கு விரிய, மணிக்கட்டு நேராகிறது. மெக்கானிக்கல் என்பதால் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச். 4 மில்லிமீட்டர் இறங்கும் விசை ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்தைப் பதிந்துவிடும். அடிவரை குத்த வேண்டாம்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் கிடைத்தது. நான் தட்டுவது தமிழ்99இல். 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த அந்த அமைப்பில் உயிரெழுத்து பன்னிரண்டும் இடக்கையில். வ, ங தவிர மெய்யெல்லாம் வலக்கையில். கீபோர்டைப் பிளந்தால் இலக்கணமே மேசையில் இரண்டு பாதியாகக் கிடக்கிறது! சாதாரண கீபோர்டில் வரிசைகள் சாய்ந்திருக்கும். அது 1870களின் தட்டச்சுப்பொறி நெம்புகோல்களுக்காகச் செய்த ஏற்பாடு. என்னுடையதில் விசைகள் நேர்நேராக நிற்கின்றன. அதனால் அ-வுக்கு நேர் மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ. குறிலிலிருந்து நெடிலுக்கு விரல் நேராக ஏறுகிறது.

ஆனால் நான் வாங்கியது 42 விசை மட்டுமே உள்ள சிறிய வகை. விரல் அதிகம் அலையக் கூடாது என்பது அதன் கொள்கை. "தேவையில்லாத" விசைகள் நீக்கப்பட்டு, வேறொரு விசையை அழுத்திக்கொண்டு தட்டும் லேயருக்குள் போய்விட்டன. அப்படிப் போனவற்றில் சதுர அடைப்புக்குறிகள் இரண்டும் உண்டு. ஆங்கிலத்தில் கதை எழுதுபவருக்கு அவை இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. தமிழ்99இல் அந்த இடத்தில் இருப்பவை ச-வும் ஞ-வும்.

சோறு, சாதி, பேச்சு, சொல். ச இல்லாமல் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். முதல் வாரம் ஒவ்வொரு ச-வுக்கும் கட்டைவிரலால் லேயரைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். மணிக்கட்டு வலி குறைந்து கட்டைவிரல் வலி வந்தது.

எர்கோனாமிக் என்ற சொல்லில் எனக்குள்ள சண்டை இதுதான். உடலுக்கேற்ற வடிவம் என்கிறார்கள். கை எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கலாம். அந்தக் கை எந்த மொழியை எழுதுகிறது என்பதும் உடலின் விஷயம்தான். எந்த விசை அதிகம் தேவை, எது குறைவு என்ற கணக்கு ஆங்கிலத்தை வைத்துப் போடப்பட்டது.

வழி இருக்கிறது. கியூஎம்கே என்ற திறந்தமூல நிரலில் விசைகளை மாற்றி அமைக்கலாம். பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு அனுப்பிவிட்டு, ண-வுக்குப் பக்கத்தில் அது இருந்த இடத்தை ச-வுக்குக் கொடுத்தேன். பழைய வேகம் திரும்ப ஒரு மாதமானது. வலி குறைந்ததற்குக் கீபோர்டு பாதி காரணம், நடுநடுவே எழுந்து நடந்தது மீதி.

வாங்குவதென்றால் வாங்குங்கள். அதற்கு முன் ண-வுக்கு வலப்பக்கம் எத்தனை விசை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஞ இன்னும் எனக்கு லேயரில்தான் இருக்கிறது. அதற்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.