பொறியும் துண்டும்: குற்றத்தை ஆக்கியவர் யார்?

குற்றவியற் சட்டத்திலே, பொறிவைத்துச் சிக்கவைத்தல் என்னும் எதிர்வாதம் ஓர் அடிப்படை வினாவை எழுப்புகின்றது: குற்றத்தைத் தோற்றுவித்தவர் குற்றஞ்சாட்டப்பட்டவரா, அவரைத் தூண்டிய அரசா? 1932 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் சொரெல்ஸ் வழக்கில் இதனை ஏற்றது. மதுவிலக்குக் காலத்தில், உல்லாசப் பயணியாக நடித்த அதிகாரி, உலகப்போரிற் பணியாற்றிய தோழமையைக் காட்டிப் பன்முறை வேண்டிய பின்னரே சொரெல்ஸ் மது கொணர்ந்தார். ஆங்கிலப் பிரபுக்கள் சபை 1979 இல் இது எதிர்வாதமன்று என்றது. 2001 இல், அரசே ஆக்கிய குற்றத்துக்கு அரசே வழக்குத் தொடுப்பதை நீதிமன்று தடுக்கலாம் என்றது.

ஆயின் இக்கோட்பாடு தனிமனிதனுக்குத் தனிமனிதன் வைக்கும் பொறியை மட்டுமே காண்கிறது. பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் வரலாறு வேறொரு பொறியைக் காட்டுகின்றது. வழிச்செலவும் கங்காணியின் முற்பணமும் தொழிலாளியைக் கடனாளியாகவே மலைக்குக் கொணர்ந்தன. 1865 இன் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைக்குரிய குற்றமாக்கிற்று. முறைப்படி நீங்குவதற்குக் கடன்தொகை குறித்த 'துண்டு' வேண்டும். அக்கடனைச் செலுத்த வேறொரு தோட்டம் முன்வரவேண்டும். இருந்தவன் கடனாளி, ஓடியவன் குற்றவாளி. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. சிறைத்தண்டனையும் 1920களின் தொடக்கத்திலேயே நீங்கியது.

சட்ட வரைவிலக்கணப்படி இது பொறிவைப்பன்று எனலாம். உண்மையே, இங்கே தூண்டும் பொலிஸ்காரர் இல்லை. ஆயின் அவ்வரைவிலக்கணமே நமது விமர்சனத்துக்குரியது. குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் முன்னரே அம்மனச்சார்பு இருந்ததா என்பதே அமெரிக்க அளவுகோல். அதன்படி நோக்கின், தோட்டத்தை விட்டோடியவனின் விடுதலை வேட்கையே அவனுக்கெதிரான சான்றாகிவிடும்!

இவ்விடத்தில் இலக்கியம் சட்டத்தினும் கூர்மையாகக் காண்கிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935) ஊவாவைக் களமாகக் கொண்டதன்று. எனினும் கிராமத்து வறுமை, கங்காணியின் இனிய சொல், இலங்கைத் தோட்டத்தின் கொடுமை ஆகியவற்றை ஒரே தொடர்ச்சியாக நிறுத்துகின்றது. சட்டம் செயலிலிருந்து விசாரணையைத் தொடங்குகிறது. கதை அச்செயலுக்கு முந்திய வாழ்விலிருந்து தொடங்குகிறது. ஆயினும் பொறியைக் காட்டும் அக்கதை, அதனைத் தகர்க்கும் கூட்டுச் சக்தியைக் காட்டவில்லை என்பதும் கூறப்படவேண்டும்.

அச்சக்தி 1940 இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் வெளிப்பட்டது. தொழிலாளர் தாமே தெரிவுசெய்த சபையொன்றை அமைத்து, துரை அதனுடன் கலந்தே கருமமாற்ற இணங்கச் செய்தனர். விதிவிலக்கு வேண்டி மன்றின்முன் நிற்கும் தனிமனிதனை எதிர்வாதம் காப்பாற்றலாம். விதியை ஆக்குவோர் யார் என்ற வினாவை அங்கே கேட்டவர்கள் தொழிலாளரே.