பாட்டு வேணும், ஆளு வேணாமா?

இசைப் படங்களைப் பற்றித் தலித் பத்திரிகையில் எழுத என்ன கிடக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். குடிசை எரிகிற நாட்டில் கச்சேரிப் படம் ஒரு கேடா என்பார்கள். சபா ரசிகர்கள் வேறு விதம். அவர்களுக்கு இசை என்றால் சுருதி, லயம், மேதைமை. பாடுகிறவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான், அடிக்கிறவன் கையில் யார் எவ்வளவு கூலி வைத்தான் என்பதெல்லாம் இசைக்கு வெளியே உள்ள சங்கதிகள். இரண்டு தரப்பும் எதிரெதிராகத் தெரிந்தாலும் பாட்டையும் பிழைப்பையும் தனித்தனியாக அறுத்துப்போடுவதில் ஒன்றுதான். அப்படி அறுத்துப்போட்டதில் ஒடுக்கப்பட்டவனுக்கு ஒருநாளும் லாபம் கிடைத்ததில்லை. அவன் பாட்டு வேணும், ஆளு வேணாம். தாளம் வேணும், சேரி வேணாம்.

சில வருஷமாகத் தோழர்களோடு சேர்ந்து சேரிகளிலும் மாணவர் விடுதிகளிலும் படம் போட்டு வருகிறேன். வாடகை புரொஜக்டர், திரைக்கு ஒரு வேட்டி. அந்த அனுபவத்தில் சில படங்களை இங்கே சிபாரிசு செய்கிறேன். எல்லாவற்றிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி. கேமரா மேடையோடு நின்றுவிட்டதா, பாட்டுக்குச் சொந்தக்கார சனத்திடம் போனதா?

முதலில் உலகமே கொண்டாடும் ஒரு படம். 'கிம்மி ஷெல்டர்', 1970. மேசில்ஸ் சகோதரர்களும் சார்லட் ஸ்வெரினும் எடுத்தது. 1969 டிசம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவில் ஆல்டமான்ட் என்ற இடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இலவசக் கச்சேரி நடத்தியது. மேடைக்குக் காவல் நின்றது ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்கிற மோட்டார் சைக்கிள் கும்பல். கூட்டத்தில் மெரிடித் ஹன்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். துப்பாக்கி எடுத்தார் என்றார்கள். குத்தியவர் மீது வழக்கு நடந்தது, தற்காப்பு என்று விடுதலை. கொலை கேமராவில் பதிவாகியிருந்தது. படத்தில் அந்தக் காட்சியை எடிட்டிங் மேசையில் நிறுத்தி நிறுத்தி, பாடகர் மிக் ஜாகருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நாமும் அவருடைய முகத்தைத்தான் பார்க்கிறோம், என்ன நினைக்கிறார், வருந்துகிறாரா என்று. செத்தவன் யார், அவன் வீடு எங்கே, அவன் அம்மா என்ன சொன்னாள்? படம் கேட்கவில்லை. அவன் புதைகுழியில் பல வருஷம் பெயர்க்கல்கூட இல்லை. கலைத்திறனில் இந்தப் படத்தைக் குறை சொல்ல முடியாது. அவசியம் பாருங்கள், எங்கே குருடாகிறது என்று தெரிந்துகொள்ளவாவது.

அதே 1969 கோடையில் அமெரிக்காவில் இரண்டு விழாக்கள் நடந்தன. ஒன்று வுட்ஸ்டாக். அதைப் பற்றிய படம் அடுத்த வருஷமே வந்து ஆஸ்கர் வாங்கி, ஒரு தலைமுறையின் புராணமே ஆகிப்போனது. இன்னொன்று நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. மஹலியா ஜாக்சன், நினா சிமோன், ஸ்டீவி வொண்டர் என்று மேடையேறாதவர் குறைவு. வந்த சனம் மொத்தம் மூன்று லட்சம் என்கிறார்கள். ஹால் டல்ச்சின் என்பவர் ஏறக்குறைய 40 மணி நேரம் படம்பிடித்தார். கொஞ்சம் அப்போதே டிவியில் வந்தது. மற்றதை வாங்க நாதியில்லை. ஐம்பது வருஷம் வீட்டு நிலவறையில் கிடந்தது. தொலைந்துபோன படச்சுருள் என்று விளம்பரம் செய்தார்கள். ஒன்றும் தொலையவில்லை. கறுப்பர் சந்தோஷமாக இருப்பதைக் காசு கொடுத்து வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கொஸ்ட்லவ் என்ற டிரம்ஸ் கலைஞர் அதை 'சம்மர் ஆஃப் சோல்' என்று 2021இல் படமாக்கினார். 2022இல் ஆஸ்கர் கிடைத்தது. பாட்டெல்லாம் அருமை. ஆனால் நான் சொல்லவருவது வேறு இரண்டு விஷயம். விழா நடந்த ஒரு ஞாயிறு ஜூலை 20, நிலாவில் மனிதன் இறங்கிய நாள். அமெரிக்காவே வாயைப் பிளந்து நிற்க, ஹார்லெம் சனம் டிவிக்காரனிடம் அந்தப் பணத்தை ஏழை பாழைக்குச் செலவழிக்கக் கூடாதா என்று கேட்கிறது. இரண்டாவது, அன்று சின்னப் பிள்ளையாகக் கூட்டத்தில் இருந்தவர்களை இன்று உட்காரவைத்துப் பழைய காட்சிகளைப் போட்டுக் காட்டுகிறார் இயக்குநர். அவர்கள் கண் கலங்குகிறது. ஆல்டமான்டில் நட்சத்திரம் பார்த்தான், இங்கே சனம் பார்க்கிறது. இரண்டு படத்துக்கும் உள்ள அரசியல் வித்தியாசம் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'வாட்ஸ்டாக்ஸ்', 1973. லாஸ் ஏஞ்சல்ஸில் வாட்ஸ் என்பது கறுப்பர் குடியிருப்பு. 1965 ஆகஸ்டில் அங்கே வெடித்த கலகத்தில் 34 பேர் செத்தார்கள். ஏழு வருஷம் கழித்து 1972 ஆகஸ்ட் 20 அன்று ஸ்டாக்ஸ் ரெகார்டு கம்பெனி ஒரு பெரிய ஸ்டேடியத்தில் கச்சேரி வைத்தது. டிக்கெட் ஒரு டாலர். ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். இயக்குநர் மெல் ஸ்டூவர்ட் வெள்ளையர். ஆனால் கேமரா பிடித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அதனாலோ என்னவோ, கேமரா சும்மா மேடையை வெறித்துக்கொண்டு நிற்காது. கூட்டத்துக்குள் புகுந்து செருப்பு, தொப்பி, தலைமுடி, குலுங்குகிற இடுப்பு எல்லாவற்றையும் ஆசையோடு பார்க்கும். அதோடு விடாமல் தெருவுக்குப் போகிறது. முடிதிருத்தும் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் உட்கார்ந்து போலீஸ், வேலை, காதல் என்று வாய்விட்டுப் பேசுகிறார்கள். லிட்டில் மில்டன் என்ற பாடகர் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார். மாதாகோயிலில் எமோஷன்ஸ் என்ற பெண்கள் குழு பாடும்போது சாமி வந்ததுபோல் சனம் துள்ளுகிறது. ரிச்சர்ட் பிரையர் அடிக்கும் நக்கலை நம் கிராமத்துக் கட்டியங்காரன் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவான். ஸ்டேடியத்தில் ரூஃபஸ் தாமஸ் ஆடும்போது கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்தில் இறங்கிவிடுகிறது. தடியடி கிடையாது. கிண்டல் பண்ணியே அத்தனை பேரையும் திரும்ப இருக்கைக்கு அனுப்புகிறார் அந்த மனுஷர்.

குறையும் உண்டு. தெருசனமாகப் பேசுகிறவர்களில் சிலர் நடிகர்கள், படம் அதைச் சொல்வதில்லை. கச்சேரிக்குப் பீர் கம்பெனியின் காசும் இருந்தது. ஐசக் ஹேய்ஸின் புகழ்பெற்ற பாட்டுக்கு உரிமை இன்னொரு ஸ்டுடியோவிடம் இருந்ததால், படத்திலிருந்து அதைத் தூக்கிவிட்டு வேறு பாட்டைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். பல வருஷம் கழித்துத்தான் அசல் முடிவு திரும்பி வந்தது. பாடினவன் தன் சனத்தின் முன்னால் பாடின பாட்டுக்கே சொந்தக்காரன் வேறு ஆள். இதை நம்ம ஆட்கள் மனசில் வைக்கணும்.

இந்தப் படத்தை எங்க பக்கத்துச் சேரி ஒன்றில் போட்டபோது, மேளம் அடித்தே காலம் தள்ளிய ஒரு பெரியவர் கடைசிவரை அசையாமல் பார்த்தார். அப்புறம், "தம்பி, இவங்களும் சாவுக்கு அடிச்சவங்கதானா?" என்றார். இல்ல பெரியப்பா, அடிமையா வித்து வாங்குனாங்க என்றேன். "அப்ப சரி. அடிக்கிற அடியிலயே தெரியுது" என்றார். எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்த விமர்சனம் கிடைக்கும்?

தென்னாப்பிரிக்க விடுதலைப் பாடல்களைப் பற்றிய 'அமாண்ட்லா' (2002) ஒரு பிணக்குழியைத் தோண்டுவதில் ஆரம்பிக்கிறது. பாட்டுக் கட்டியவரும் தொழிற்சங்கக்காரருமான வுயிசிலே மினியை 1964இல் தூக்கில் போட்டுப் பிச்சைக்காரக் குழியில் புதைத்தது வெள்ளை அரசு. 1998இல் சனம் அவர் எலும்பை எடுத்து மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தது. கால் உதைத்துப் பாடிவரும் கூட்டத்தைப் பார்த்து நடுங்கினோம் என்று பழைய கலவரப் போலீஸ்காரர்களே ஒத்துக்கொள்கிறார்கள். பாட்டே விடுதலை வாங்கித் தந்தது என்ற தொனி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

'ஜெய் பீம் காம்ரேட்' (2011) நம் வீட்டுச் சங்கதி. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்துத் திரண்ட சனத்தைப் போலீஸ் சுட்டது. பத்துப் பேர் பிணம். நாலு நாள் கழித்துப் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்குப் போட்டுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் இடதுசாரிப் பாட்டுப் பாடிய மனுஷன் தலையில் நீலத் துணி கட்டிக்கொண்டு செத்தார். வர்க்கமா சாதியா என்று நாம் போடுகிற சண்டைக்கெல்லாம் அந்த நீலத் துணி பதில் கேட்கிறது. ஆனந்த் பட்வர்தன் 14 வருஷம் இதைப் படம்பிடித்தார். டேங்கர் லாரியைக் கொளுத்த வந்தார்கள் என்று போலீஸ் கட்டிய கதையை அலசி உடைக்கிறார். அதைவிட முக்கியம், வீட்டிலும் தெருமுனையிலும் பாபாசாகேபைப் பாடுகிற சாதாரணப் பெண்களும் ஆண்களும் படம் முழுக்க வருகிறார்கள். இயக்குநர் தலித் இல்லை. தலித் தலைவர்கள் சிவசேனையோடு கைகோத்ததை அவர் கேள்வி கேட்கும்போது சிலருக்கு உறுத்தலாம். கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். படத்தில் பாடும் கபீர் கலா மஞ்ச் இளைஞர்கள் மேல் 2011இல் வழக்குப் பாய்ந்தது. சிலர் தலைமறைவானார்கள். 2020இல் பீமா கோரேகான் வழக்கில் அந்தக் குழுவினர் மறுபடி கைதானார்கள். நம் பாட்டுக்கு விருதும் வரும், விலங்கும் வரும்.

கடைசியாகப் பறை. ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க ஆய்வாளர் முனைவென்றி கிராமத்துக் குறிஞ்சி மலர் குழுவைப் பற்றி 2011இல் எடுத்த படத்தின் பெயரே 'இது இசை' என்ற பொருளில் வரும். தீட்டுக் கருவி என்று ஒதுக்கப்பட்டதை இசை என்று மீட்பதுதான் அதன் வாதம். நம்மிடையே வேறு வாதமும் உண்டு. பறை அடிமைச் சின்னம், தூக்கி எறி என்றவர்களும் விடுதலைக் கருவி, தூக்கிப்பிடி என்றவர்களும் முட்டிக்கொண்ட காலம் நமக்குத் தெரியும். என் கட்சி இதுதான். சென்னை மேடையில் பறை ஒலித்தால் சந்தோஷம். அதே நாளில் ஊர்த்தெரு சாவுக்கு எவனாவது மிரட்டி அடிக்கவைத்தால், அந்த மிரட்டலும் அதே படத்தில் வரணும். கலை என்ற பட்டுத்துணியைப் போட்டுக் கட்டாயத்தை மூடக் கூடாது.

இனி நம் தெருவுக்குக் கேமராவோடு யாராவது வந்தால் தண்ணீர் கொடுங்கள், கூடவே கேள்வியும் கேளுங்கள். அடிக்கிறவன் பேர் படத்தில் வருமா? பேச விடுவீங்களா, சும்மா அடிக்கத்தான் விடுவீங்களா? காசு வந்தா பங்கு என்ன? பிரதி ஒண்ணு இங்க கொடுப்பீங்களா? முதலில் எங்க தெருவுல போட்டுக் காட்டுவீங்களா? கையில் போன் வைத்திருக்கிற நம் பிள்ளைகள் வெளியாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பெரியவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்துப் பேசச் சொல்லி எடுங்கள். அடிப்பதை அப்புறம் எடுக்கலாம்.