காப்புச் செய்யுளும் நூறாம் பாட்டும்: ‘அம்பிகாபதி’ (1937) திரைப்படத்தின் அவல முடிவு

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1937ஆம் ஆண்டு வெளிவந்த ‘அம்பிகாபதி’யைத் தமிழ்த் திரையின் ‘ரோமியோ ஜூலியட்’ எனச் சுட்டுவது வழக்காகிவிட்டது. இயக்குநர் அமெரிக்கர், உப்பரிகைக் காட்சி ஷேக்ஸ்பியரின் நாடகத்தை அடியொற்றியது, அந்நாடகத்தை ஜார்ஜ் கியூக்கர் ஹாலிவுட்டில் படமாக்கியதும் முந்தைய ஆண்டில்தான். எனினும் இவ்வொப்புமை காட்சியமைப்பைத் தாண்டிச் செல்வதில்லை. காதலரின் அழிவு எதனால் நேர்கிறது என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை.

ஷேக்ஸ்பியரிடம் குடிப்பகை காதலரைப் பிரிக்கிறது. உரிய வேளையில் சென்று சேராத மடல் அவர்களைச் சாவுக்கு இட்டுச் செல்கிறது. கம்பர் மகனுக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் இடையே பகையில்லை. அரச குலத்துக்கும் புலவர் குடிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வே தடை. அரசன் விதிக்கும் தேர்வோ முழுக்க இலக்கியம் சார்ந்தது: சிற்றின்பச் சாயல் படியாமல் இறைவன்மீது நூறு பாடல்கள் பாடுதல் வேண்டும். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, நூறும் நிறைந்ததெனக் கருதி வெளிப்படுகிறாள். கண்டவன் அவளையே பாடிவிடுகிறான். காப்பு நூலின் பாட்டெண்ணிக்கையில் சேராது என்னும் மரபே அவன் உயிரைக் கொள்கிறது. சதகமும் அந்தாதியும் கேட்டுப் பழகிய அவைக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. வெரோனா நகரத்தார்க்கு எவ்வளவு விளக்கினாலும் போதாது.

இத்தேர்வின் உட்பொருளை உணர, மதுரை ராயல் டாக்கீஸார் அதே ஆண்டில் வெளியிட்ட ‘சிந்தாமணி’யை உடன்வைத்து நோக்குதல் வேண்டும். (அதன் வருவாயில் மதுரையில் எழுந்த திரையரங்கும் சிந்தாமணி என்றே பெயர் பெற்றது.) ஒய்.வி. ராவ் இயக்கிய அப்படத்திலும் நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதரே. கணிகையிடம் மயங்கிய பில்வமங்கள் கண்ணன்பால் பக்தி கொண்டு உய்கிறான். சிற்றின்பம் பேரின்பமாகக் கனிகிறது. ‘அம்பிகாபதி’யில் பயணம் எதிர்த்திசையது. தொண்ணூற்றொன்பது பாடல்கள் பேரின்பத்தில் நின்றவன், ஒரு பாட்டில் மண்ணுக்கு மீண்டு கொலைத் தண்டனை பெறுகிறான். இரண்டு படங்களையும் மக்கள் பெரிதும் வரவேற்றனர். எனவே பாகவதரின் புகழைப் பக்தியிசையின் செல்வாக்கு என்று மட்டும் விளக்குவது பொருந்தாது. இறைவனைப் பாட மறந்தவனுக்காகவும் அதே மக்கள் இரங்கினர்.

எம்.ஆர். சந்தானலட்சுமி ஏற்ற அமராவதியின் பிழையும் கருதத்தக்கது. ஷேக்ஸ்பியரில் மடல் தவறுவது தற்செயல். இங்கே தவறுவது கேட்பவளின் செவி. அரசனுக்குக் காப்பு நூலின் புறத்தே நிற்பது; காதலன் குரலில் கேட்டவளுக்கு அதுவும் ஒரு பாட்டு.