அறிவு குற்றமா, அலட்சியம் குற்றமா?

ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் அது ஒரு பூதத்தின் பெயர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். மேரி ஷெல்லி 1818இல் தம் பெயர் போடாமல் வெளியிட்ட அந்த நாவலில் அது பூதத்தைப் படைத்த மாணவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது. பெயர் வைக்கும்வரை அவன் அங்கே நிற்கவில்லை.

அளவுமீறிய அறிவுத்தாகம் அழிவைத் தரும் என்பதே இக்கதையின் பாடம் என்பார்கள். பேரேடு எழுதியே 40 வருஷம் கழித்த எனக்குக் கணக்கு வேறுமாதிரி தெரிகிறது. இங்கோல்ஸ்டாட் நகரில் விக்டர் இரவுபகலாய்ப் படித்ததைப் பற்றில் எழுத மாட்டேன். யாரிடமும் கலக்காமல் மறைத்துச் செய்தானே, உயிர் வந்ததும் பயந்து ஓடினானே, அதை எழுதுவேன். தம்பி வில்லியம் கொலையுண்டபோது, கொன்றது யாரென்று அவன் மனசுக்குத் தெரியும். பைத்தியம் என்பார்களே என்று சபையில் வாய் திறக்கவில்லை. பாவம், குற்றமற்ற ஜஸ்டின் தண்டனை பெற்று மாண்டாள்.

பூதமும் படித்ததுதான். ஒரு குடும்பத்தை மறைந்திருந்து கவனித்தே மொழி கற்றது. அவர்களும் விரட்டிய பிறகே வன்மம் கொண்டது.

வடதுருவம் தேடிப் பனிக்கட்டியில் சிக்கிய வால்டன், மாலுமிகள் வற்புறுத்தியதும் மனமில்லாமலே கப்பலைத் திருப்புகிறான். சாகக்கிடக்கும் விக்டரோ அவர்களை முன்னே போகத் தூண்டுகிறான். தன்மேல் பழியில்லை என்கிறான். இந்த இடத்தை விட்டுவிட்டுப் பாடம் சொல்பவர்கள் நாவலைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் அதிகம் படிக்காதே என்று சொல்ல இந்நூலைக் காட்டாதீர்கள். செய்ததற்குப் பொறுப்பேற்கச் சொல்லும்போது காட்டுங்கள்.