வெள்ளைக் கோபுரமும் வெள்ளைத் தாளும்

திருச்சி வட்டாரத்தில் காகித மாதிரி செய்யத் தொடங்குவோரின் கண் முதலில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் மேல் செல்வது இயல்பே. எனினும் 1987இல் குடமுழுக்குக் கண்ட, 13 நிலைகளும் 236 அடி உயரமும் உடைய அக்கோபுரம், 200இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் உயர்ந்து, பழகாத கையின் சிறு பிழையையும் நிலைக்கு நிலை பெருக்கிக் காட்டும். தொடக்கத்துக்கு உரியது அதே கோயிலின் கிழக்குப் புறத்து வெள்ளைக் கோபுரம்.

அச்சிட்ட வண்ண அட்டையே அழகு என்போர் இதனை ஏற்பதில்லை. ஆனால் வண்ணம் அட்டையின் மேற்பரப்போடு நின்றுவிடுவதால், வெட்டிய ஓரங்களிலும் மடித்த விளிம்புகளிலும் உள்ளிருக்கும் வெண்மை கோடாக வெளிப்படுகிறது; தேர்ந்தவர்கள் ஒவ்வோர் ஓரத்துக்கும் தூரிகையால் நிறமேற்றி அதை மறைப்பர். வெள்ளைக் கோபுரத்துக்கு அந்த வேலையே இல்லை. பிழையை மறைக்கவும் அங்கே எதுவும் இல்லை. நிறம் ஒழிந்த இடத்தில் கண் நிழலைத் தேடுகிறது, நிழலோ மடிப்பின் நேர்த்தியால் மட்டுமே பிறக்கிறது.

அந்த நிழலின் உயிர் கபோதத்தில் இருக்கிறது. ஒரு நிலையின் சுவர் முடியும் இடத்தில் வெளியே நீண்டு கீழ்நோக்கி வளையும் இறவாரமே கபோதம் எனப்படும். சிற்பங்களை எல்லாம் விட்டுவிட்டாலும் கோபுரம் கோபுரமாகவே தெரியும், கபோதத்தை விட்டால் அது வெறும் படிக்கட்டுப் பெட்டியாகிவிடும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் அகலப் பட்டை போதும். ஆனால் அப்பட்டையை மடிக்காமல், கத்தரிக்கோலின் முனை மழுங்கிய பக்கத்தில் மெல்ல இழுத்து வளைத்து, நான்கு மூலைகளிலும் சாய்வாக வெட்டி இணைக்க வேண்டும். மூலை இணைப்பு மயிரிழை விலகினாலும், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழற்கோடு அங்கே முறிந்து காட்டிக்கொடுக்கும். மாதிரியின் தரத்தை அறிய விரும்புவோர் சிகரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் நிலையின் கபோத மூலையைப் பார்த்தால் போதும்.

சுவரின் மடிப்புகளுக்கோ முன்கூட்டியே தடம் வேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை இரும்பு ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி இழுத்தால், இழைகள் அறுபடாமல் நசுங்கி மடிப்பு நேராக விழுகிறது. பிளேடால் கீறுவோர் விரைவைப் பெறுகின்றனர், வலிமையை இழக்கின்றனர். தாளின் இழையோட்டமும், அதாவது ஆலையில் இழைகள் படிந்த திசையும், கருதத்தக்கது: எத்திசையில் தாள் எளிதாக வளைகிறதோ அதுவே மடிப்புக்கும் உருட்டலுக்கும் உரியது. சுவர்களின் மூலை மடிப்புகள் செங்குத்தாகவும், உச்சியிலுள்ள வண்டிக்கூண்டு வடிவச் சிகரத்தின் அச்சு கிடையாகவும் அமைவதால், இரண்டையும் தாளில் ஒரே போக்கில் வரைந்து வெட்டுவது தொடக்கநிலையாளரின் வழக்கமான தவறு.

அட்டைக்கு இம்மாவட்டத்தார் அலைய வேண்டியதில்லை. காவிரிக்கரையில் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் அரசு நிறுவனமே மணப்பாறைக்கு அருகே மொண்டிப்பட்டியில் அட்டை ஆலையையும் நடத்துகிறது. ஆயினும் பளபளப்புக்காகப் பூச்சு ஏற்றிய அட்டை, மடிப்பில் வெடிக்கும் இயல்புடையது. பூச்சில்லாத, சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிராம் எடையுள்ள தாளே கோபுரத்துக்கு ஏற்றது.

நெட்டி வேலையின் அன்பர்கள் இங்கே குறுக்கிடுவர். நீரில் வளரும் நெட்டிச் செடியின் வெண்ணிறத் தண்டைச் சீவிக் கோயில் மாதிரிகள் செய்யும் கலைக்குத் திருச்சியும் பெயர்பெற்றிருந்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெட்டியில் உள்ள மென்மை தாளுக்கு வாராது என்பது உண்மையே. ஆனால் நெட்டி செதுக்கப்படுவது, தாள் கணக்கிடப்படுவது. சாய்ந்த நான்கு சுவர்களைத் தட்டையான ஒரே துண்டாக விரித்து வரையும்போது கோபுரம் மேலே செல்லச் செல்ல எவ்வளவு குறுகுகிறது என்பது விரல்களுக்குப் புரிகிறது. இப்பயிற்சியை வேறெந்தப் பொருளும் தருவதில்லை.

இன்று பள்ளிக் கண்காட்சிகளில் காணப்படுபவை பெரும்பாலும் தெர்மகோல் பலகைகளை அடுக்கி, ஜிகினாத் தாள் ஒட்டி, கடையில் ஆயத்தமாக விற்கப்படுபவை. முன்போ முசிறியின் காவிரிக்கரையில் ஆடிப்பெருக்குக்குச் சிறுவர்கள் இழுத்த சப்பரங்களில் மூங்கிற் குச்சியும் வண்ணத் தாளும் மைதாப் பசையும் மட்டுமே இருந்தன. பசையின் ஈரத்தில் தாள் சுருங்கும் என்பதையும், அதனால் மெல்லியதாகத் தடவ வேண்டும் என்பதையும் அக்கைகள் தாமாகவே அறிந்திருந்தன. அவ்வறிவு மீள, மாணவர் ஒருவரிடம் முழுக் கோபுரத்தைக் கேட்காமல், கபோதத்தோடு கூடிய ஒரே ஒரு நிலையைக் கேட்டு, அதன் நான்கு மூலைகளுக்கும் மதிப்பெண் இடும் ஆசிரியர்கள் வேண்டும்.