முதுகுன்றத்தை அள்ளி வந்த கிரெப்!

தேவாரத்தில் நம்ம விருத்தாசலம், அதாவது முதுகுன்றம், எங்கெங்கே வருகிறது என்று கேட்டால் இனி நான் புத்தக அலமாரிப் பக்கமே போகமாட்டேன்! நினைத்துப் பாருங்கள்: பாலக்கரையில் எங்கள் வீட்டு மாடி, ராத்திரி, கறுப்புத் திரை, மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கிய முதல் 7 திருமுறைகள். தேடும் கட்டளையான கிரெப்பைத் தட்டி, மேற்கோளுக்குள் 'முது', இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி, 'குன்ற', பிறகு கோப்புகளின் பெயர். என்டர்!

மடமடவென்று கொட்டியது ஐயா! சம்பந்தர், அப்பர், சுந்தரர், மூன்று பேரும்! முதுகுன்றம், முதுகுன்றை, சீர் பிரித்து 'முது குன்றம்', எதையும் விடவில்லை. நான் எழுந்து குதித்தேன், வெட்கமே இல்லை, தூங்கிய அத்தையை எழுப்பி "நம்ம பழமலைநாதர் பாருங்க அத்தே!" என்றேன்.

பழைய கோப்பு திஸ்கிக் குறியாக்கத்தில் இருக்கிறதா? லினக்ஸின் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும், நொடியில் ஒருங்குறி!

ஆனால் என்னைப் பித்தனாக்கியது அந்த நெடுங்கோடுதான், பைப்! 1973-இல் டக் மெக்கில்ராய் விடாமல் கேட்டுக் கேட்டு, கென் தாம்சன் யூனிக்ஸில் சேர்த்தது. கிரெப்பும் அதே தாம்சன், அதே வருஷம்! ஒரு கட்டளை கொடுப்பதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாரே, அதே கதை! 'விருத்தாசலம்' என்ற பெயரையே உள்ளே விடுங்கள்; டபிள்யூசி பைட்டுகளை எண்ணினால் 36, குறியீடுகளை எண்ணினால் 12, அடடா, நமக்கு எழுத்து 7 தானே என்று மனசு பதைக்கும், பதைக்க வேண்டாம், கிரெப்பைப் பெர்ல் பாணிக்கு மாற்றி, பொருந்தியதை மட்டும் காட்டச் சொல்லிப் பின்சாய்வுக்கோடும் பெரிய எக்ஸும் கொடுங்கள், வி, ரு, த், தா, ச, ல, ம், வரிக்கு ஒன்றாக வந்து நிற்கும், எண்ணினால் சுளையாக 7! அதையே தேவாரம் முழுதுக்கும் விட்டு, சார்ட், எண்ணச் சொல்லி யூனிக், மறுபடி சார்ட் என்று கோத்தால் எந்த எழுத்து எத்தனை முறை என்ற பட்டியலே வந்துவிடும்! (குறியீட்டு வரிசையில் அடுக்கும்போது ன, ந-வுக்குப் பின்னாலேயே வந்து உட்காரும். உட்காரட்டுமே!)

இப்போது அத்தைக்கும் ஒட்டிக்கொண்டது. பிறந்த ஊர் திருவதிகை ஆயிற்றே. "அதிகைன்னு மட்டும் போட்டா திருவதிகை விட்டுப்போகுமேடா?" என்றார். எப்பேர்ப்பட்ட கேள்வி! அ, வ இரண்டையும் சதுர அடைப்புக்குள் வைத்து, பக்கத்தில் 'திகை' என்று தட்டினேன். அப்பர் வந்து குவிந்தார், அத்தை விடிய விடிய வாசித்தார்.